அரசு மருத்துவமனையை யார் கண்காணிக்கிறார்கள்? பெங்களூரை முன்வைத்து ஒரு விளக்கம்

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் முடிந்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஐந்து உயிர்கள் போயின. அவர்களுக்கு நரம்பில் ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பாட்டில்கள் மேல் சந்தேகம் விழுந்தது. “நரம்பில் ஏற்றும் மருந்தை யாருமே சோதிக்க மாட்டார்களா?” என்று ஊரே கேட்டது. சோதித்திருந்தார்கள் என்பதுதான் வேதனை. அதே நிறுவனத்திடம் வாங்கிய சில பேட்ச்கள் தரமற்றவை என்று மாநில ஆய்வகம் முன்பே சொல்லியிருந்தது.

ஆக, கண்காணிக்க ஆள் இல்லாமல் இது நடக்கவில்லை. சி.ஏ.ஜி. அறிக்கை, லோக்ஆயுக்தா சோதனை, தேசியத் தரச் சான்றிதழ், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இறப்புத் தணிக்கைக் குழு என்று செய்தியில் அடிபடும் பெயர்களே ஏராளம். இத்தனை பேர் பார்த்தும் பெங்களூரின் சிவாஜிநகரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் கையில் “வெளியே வாங்கி வா” என்று சீட்டு எழுதித் தருவது நிற்கவில்லை. இந்த அமைப்புகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை, பார்த்தது எப்போது சிகிச்சையாக மாறுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பணம் போகும் வழிகள்

பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவம் எல்லாம் ஒரே மாதிரி நடப்பதில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

1. அரசே கட்டடம் கட்டி, சம்பளம் கொடுத்து, மருந்து வாங்கி நடத்தும் மருத்துவமனைகள்.

2. திட்டப் பணம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் கர்நாடகத்தின் ஆரோக்ய கர்நாடகா திட்டமும் 2018இல் ஒன்றாக இணைந்தன. வறுமைக்கோட்டுக்குக் கீழ் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் விலை உண்டு. சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்ட் அந்தத் தொகையை மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. மருத்துவமனை அரசுடையதாகவும் இருக்கலாம், தனியாருடையதாகவும் இருக்கலாம்.

3. தொழிலாளியும் முதலாளியும் கட்டும் சந்தாவில் நடக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள்.

இதைப் பிரித்துச் சொல்லக் காரணம், ஒவ்வொரு வழியிலும் தவறு வேறு விதமாக வருகிறது. சம்பளத்தில் நடக்கும் இடத்தில் பத்து நோயாளி வந்தாலும் நூறு பேர் வந்தாலும் சம்பளம் மாறாது. அங்கே வரும் குறைகள் காத்திருக்க வைப்பது, ஆள் இல்லாமை, மருந்து இல்லாமை. ஒரே வார்த்தையில், கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவது. பேக்கேஜுக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. தேவையில்லாத ஆபரேஷனும் நடக்காத சிகிச்சைக்கு பில்லும் அங்கே வரும். கர்ப்பப்பையை அவசியமின்றி அகற்றிய புகார்கள் பீகார், சத்தீஸ்கர் முதல் வட கர்நாடகம் வரை எழுந்தன. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஆபரேஷன்களைக் கண்காணிக்க எல்லா மாநிலங்களும் மத்திய அரசின் வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அலட்சியத்தைத் தேடும் கண்ணும் பேராசையைத் தேடும் கண்ணும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே அமைப்பு எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

பெங்களூரில் எது யாருடையது

விக்டோரியா, வாணி விலாஸ், மின்டோ மூன்றும் பெங்களூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை. அதனால் மருத்துவக் கல்வித் துறையின் கீழ் வருகின்றன. மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல், ஜெயநகர் ஜெனரல், இந்திரா நகர் சி.வி. ராமன் ஜெனரல் ஆகியவை சுகாதாரம், குடும்ப நலத் துறையுடையவை. வார்டுகளில் இருக்கும் பிரசவ விடுதிகள் மாநகராட்சியின் கையில் வளர்ந்தவை. ஜெயதேவா இதய மருத்துவமனை தன்னாட்சி நிறுவனம். மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் மத்திய அரசின் கீழ் வருகிறது. இ.எஸ்.ஐ.க்குத் தனிக் கழகம்.

நோயாளிக்கு இவை எல்லாமே “கவர்மென்ட் ஆஸ்பத்திரி”தான். புகாரோ வேறு வேறு அலுவலகத்துக்குப் போகிறது. மாநகராட்சிப் பிரசவ விடுதியில் சிக்கலாகி, வாணி விலாஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கே நிலைமை கைமீறினால், குறை முதல் இடத்திலா, ஆம்புலன்ஸிலா, கடைசி இடத்திலா? மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அதிகாரம் சாதாரண நாளில் எந்த மேலதிகாரிக்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு மட்டுமே உரியது. தெருமுனைக் கிளினிக் பதிவு செய்யாவிட்டால் பூட்டலாம். அரசு தன் சொந்த மருத்துவமனையை அந்தச் சட்டத்தின் தராசில் வைப்பதில்லை. இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் நடப்பதற்கு அளவுகோல் கூடுதலாக இருக்க வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

தரத்தை எங்கே அளப்பது

மருத்துவத் தரத்தை மூன்று இடத்தில் அளக்கலாம் என்று 1966இல் அவேடிஸ் டோனபேடியன் என்ற அறிஞர் வகுத்துக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அதுதான் அடிப்படை.

1. என்ன இருக்கிறது: படுக்கை, நர்ஸ், ரத்த வங்கி, ஆக்சிஜன்.
2. என்ன செய்கிறார்கள்: பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி சரியான நேரத்தில் போடப்பட்டதா, கை கழுவினார்களா, ரத்த அழுத்தம் பார்த்து எழுதினார்களா.
3. என்ன ஆனது: தாயும் குழந்தையும் நலமாக வீடு போனார்களா.

முதலாவதை அளப்பது எளிது. எண்ணிவிடலாம். அதனாலேயே பெரும்பாலான ஆய்வுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. கட்டில் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது என்று டிக் அடித்தால் வேலை முடிந்துவிடுகிறது. மானிட்டரின் ஒயர் செருகப்பட்டிருந்ததா என்பது இரண்டாவது கேள்வி. உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான்.

கணக்கு பார்ப்பவர்கள்

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சி.ஏ.ஜி., அரசியலமைப்பில் இடம் பெற்ற பதவி. எந்த அமைச்சரின் தயவிலும் இல்லை. அதன் பலம் இந்தச் சுதந்திரம்தான்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் தணிக்கை அறிக்கை பலருக்கும் நினைவிருக்கும். 7,49,820 பயனாளிகளின் பதிவில் 9999999999 என்ற ஒரே மொபைல் எண் இருந்தது. சிகிச்சையில் இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் பெயரில் 3,903 கோரிக்கைகளுக்கு 6.97 கோடி ரூபாய் மருத்துவமனைகளுக்குப் போயிருந்தது. பயனாளியைச் சரிபார்க்க மொபைல் எண் பயன்படுவதில்லை என்றும், அனுமதி கேட்பதற்குச் சில நாள் அவகாசம் உண்டு என்பதால் தேதிகள் இறப்புக்குப் பின் விழுந்திருக்கலாம் என்றும் அரசு விளக்கம் சொன்னது. விளக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்ல வைத்ததும், தரவைச் சீர்செய்ய வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியதும் தணிக்கைதான்.

அதன் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். அந்தத் தணிக்கை ஆராய்ந்தது 2018 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரையிலான காலத்தை. வெளியானது 2023இல். அதன் பிறகு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு படித்து, துறையைக் கூப்பிட்டு விசாரித்து, ‘எடுத்த நடவடிக்கை’ குறிப்பு வர இன்னும் காலம் ஆகும். அமைப்பைத் திருத்த இது உதவும். இன்று வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு உதவாது. தவிர, தணிக்கையாளர் மருத்துவர் அல்ல. பணம் எங்கே போயிற்று என்று அவர் கச்சிதமாகச் சொல்வார். அந்த ஆபரேஷன் சரியாகச் செய்யப்பட்டதா என்று சொல்ல முடியாது.

திட்டத்துக்குள்ளேயே தேசிய சுகாதார ஆணையத்தின் மோசடித் தடுப்புப் பிரிவும், மாநிலத்தில் டிரஸ்டின் பிரிவும் இருக்கின்றன. முன் அனுமதி, ஆவணச் சரிபார்ப்பு, நேரில் போய்ப் பார்ப்பது, இறந்தவர்களின் கேஸ் ஷீட்டைத் தனியாக ஆராய்வது எல்லாம் இவற்றின் வேலை. சி.ஏ.ஜி.யைவிட வேகமானவை. ஆனால் திட்டத்தை நடத்துபவரே திட்டத்தைப் பரிசோதிக்கிறார் என்ற சங்கடம் இங்கே உண்டு.

லோக்ஆயுக்தா ஊழலைப் பார்க்கிறது. 1984ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் அதற்கு அடிப்படை. இடையில் அதன் போலீஸ் அதிகாரம் தனிப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, 2022இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் திரும்பி வந்தது. கர்நாடக சுகாதாரத்துக்கான பணிக்குழு டாக்டர் எச். சுதர்சன் தலைமையில் 2001இல் கொடுத்த அறிக்கை, துறையின் பெரிய சிக்கல்களில் ஒன்றாக ஊழலை வெளிப்படையாகவே சொன்னது. பிறகு அவரே லோக்ஆயுக்தாவில் சுகாதாரத்துக்கான விஜிலென்ஸ் இயக்குநராக இருந்து மருத்துவமனைகளுக்கு நேரில் போனார். மருத்துவம் தெரிந்த ஒருவரின் கையில் விசாரணை அதிகாரமும் சேர்ந்த அரிய காலம் அது. நிரந்தர ஏற்பாடாக அது தொடர்ந்திருக்க வேண்டும்.

வார்டுக்குள் வந்து பார்ப்பவர்கள்

செய்தியில் “தேசியத் தரச் சான்று பெற்ற மருத்துவமனை” என்று வந்தால் அது பெரும்பாலும் என்.க்யூ.ஏ.எஸ். பற்றியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் கொண்டுவந்த தர நெறிமுறை இது. டெல்லியில் உள்ள தேசிய சுகாதார அமைப்புகள் வள மையம் மதிப்பீட்டை ஒருங்கிணைக்கிறது. தனியார் மருத்துவமனை வாசலில் காணும் என்.ஏ.பி.எச். முத்திரை வேறு ஏற்பாடு. அது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வருவது.

என்.க்யூ.ஏ.எஸ். எட்டுப் பகுதிகளைப் பார்க்கிறது: என்ன சேவை உண்டு, நோயாளி உரிமை, வளங்கள், ஆதரவுச் சேவைகள், சிகிச்சை முறை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். சான்று பெறக் குறைந்தது 70 சதவீதம் வேண்டும். மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இடைப்பட்ட இரண்டு ஆண்டிலும் மாநிலக் குழு வந்து பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வழியில் விடை தேடலாம். கண்ணால் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, ரிஜிஸ்டரைப் படிப்பது, நோயாளியைக் கேட்பது. ஸ்டெரிலைசர் ஓடியதாக ரிஜிஸ்டர் சொல்லும். அதை இயக்கும் ஊழியரிடம் “எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பிரசவ அறையில் பெண்ணுக்குத் திரை மறைப்பு இருந்ததா, யாராவது திட்டினார்களா, அடித்தார்களா என்பதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் பதில் இருக்காது. அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும்.

2017 டிசம்பரில் வந்த லக்ஷ்யா திட்டம் இதே முறையைப் பிரசவ அறைக்கும் சிசேரியன் தியேட்டருக்கும் தனியாகக் கொண்டுபோனது. 70, 80, 90 என்று மதிப்பெண் உயர உயர வெள்ளி, தங்கம், பிளாட்டினம் தரம். மரியாதையான பிரசவமும், துணைக்கு ஒரு பெண் கூட இருக்கும் வசதியும் அதில் அளவுகோல்களாயின. மருத்துவமனைத் தூய்மைக்கு 2015இல் வந்த காயகல்ப் விருதும் இதே குடும்பம்தான்.

இந்த முறையில் எனக்கு நம்பிக்கை உண்டு. காரணம், தண்டனையில் தொடங்காமல் இடைவெளிப் பட்டியலில் தொடங்குகிறது. மருத்துவமனை முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டு, ஓட்டைகளை எழுதி, பணம் கேட்டு, சரிசெய்து, பிறகு வெளியாளைக் கூப்பிடுகிறது. சான்று கிடைத்தால் படுக்கைக் கணக்கில் ஊக்கத்தொகையும் வருகிறது. அதில் ஒரு பங்கு ஊழியர்களுக்கு. கடை நிலை ஊழியருக்கும் தரத்தில் அக்கறை வர இது ஒரு வழி.

ஆனால் மதிப்பீட்டாளர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். கல்யாண வீடு போல அன்றைக்கு மட்டும் எல்லாம் பளிச்சென்று இருக்க முடியும். இடைப்பட்ட ஆண்டுகளின் மாநில ஆய்வு சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்தான் சான்றுக்கு மதிப்பு.

பெல்லாரி: சோதனை நடந்தும் பாட்டில் வந்தது எப்படி

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சங்கிலி இப்படி ஓடுகிறது:

1. கர்நாடக மாநில மருத்துவப் பொருட்கள் கழகம் டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்கு வழியாக மருத்துவமனைக்குப் போகிறது.

2. மருந்து ஆய்வாளர் மாதிரி எடுத்து மாநில ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். நரம்பில் ஏற்றும் மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கே 14 நாள் ஆகும். அதற்குள் மற்ற பாட்டில்கள் வார்டுக்குப் போய்விடக்கூடும்.

3. தரமில்லை என்று மாநில ஆய்வகம் சொன்னால், நிறுவனம் 28 நாளுக்குள் அதை மறுக்கலாம். அப்போது மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும். மருந்துச் சட்டப்படி அந்த ஆய்வகத்தின் முடிவே இறுதி.

4. கர்நாடக ஆய்வகத்தில் தேறாத பேட்ச்களை மத்திய ஆய்வகம் சரியென்றது. நிறுத்தி வைத்த மருந்து திரும்பப் புழக்கத்துக்கு வந்தது.

இறப்புகளுக்குப் பிறகு மாநிலம் முழுக்க அந்த மருந்து நிறுத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூரிலும் பிரசவித்த தாய்மாருக்கு நேர்ந்த விபரீதத்தில் அதே நிறுவனத்தின் மருந்து பேசப்பட்டது.

எது காரணம் என்று நிறுவுவது நீதிமன்றத்தின், நிபுணர்களின் வேலை. நமக்குத் தெரிய வேண்டியது, இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தம் தாளை நிரப்பியிருந்தார்கள் என்பது. வாங்கியவரிடம் சான்று இருந்தது. ஆய்வகத்திடம் அறிக்கை இருந்தது. இரண்டு ஆய்வகங்கள் எதிரெதிராகச் சொல்லும் மருந்தை, சந்தேகம் தீரும்வரை கர்ப்பிணிக்கு ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு யாரிடமும் தெளிவாக இல்லை. சட்டத்தின் ‘இறுதி முடிவு’ வழக்குக்குப் பொருந்தும். வார்டுக்கு அது போதாது. வாங்குபவர் என்ற முறையில் கழகம் அந்த மருந்தை ஒதுக்கி வைத்திருக்கலாம். தமிழ்நாடு 1994இல் தன் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியபோது, கிடங்குக்கு வந்த சரக்கின் மாதிரி சோதனையில் தேறிய பிறகே மருத்துவமனைக்கு விடுவது என்பதை முறையாக வைத்தது. பல மாநிலங்கள் அந்த மாதிரியைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன.

இறப்பைத் தணிக்கை செய்வது

கண்காணிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு தாய்மார் இறப்புத் தணிக்கை. நாடு முழுக்க இதற்கு 2010இல் வழிகாட்டுதல் வந்தது. 2017இல் அது விரிவானது. தமிழ்நாட்டில் இந்த முயற்சி 1990களிலேயே தொடங்கிவிட்டது.

முறை இதுதான். கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்குள் ஒரு விசாரணை நடக்கும். ஊரில், வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். மாவட்டக் குழு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். மாவட்ட ஆட்சியரின் கூட்டத்தில் இறந்த பெண்ணின் உறவினர் இருவரை அழைத்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வார்கள்.

மூன்று தாமதங்களைத் தேடுவார்கள். வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, போய்ச் சேரத் தாமதமா, சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்கத் தாமதமா? பெங்களூரில் மூன்றாவதும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைய விடுவதும் அதிகம் கவனிக்க வேண்டியவை. ஊழியர் யாரையும் தண்டிக்க இந்தக் கூட்டம் இல்லை என்பது அடிப்படை விதி. ஏனென்றால் தண்டனைப் பயம் வந்தால் கேஸ் ஷீட் திருத்தப்படும், உண்மை போய்விடும். ரத்தம் வர இரண்டு மணி நேரமானது என்று நர்ஸ் பயமின்றிச் சொன்னால்தான் அடுத்த மாதம் அங்கே ரத்தச் சேமிப்பு அறை வரும்.

பெல்லாரிக்குப் பிறகு கர்நாடகம் 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நடந்த 464 தாய்மார் இறப்புகளைச் சேர்த்து ஆராய்ந்தது. பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்ற முடிவு வந்தது. படிக்கவே மனம் கனக்கிறது. ஆனாலும் ஓர் அரசு தன் மருத்துவமனைகளைப் பற்றி இதைத் தானே சொல்லி வெளியிட்டது நல்ல தொடக்கம். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. கேரளத்தின் எண்ணுக்கும் கர்நாடகத்தின் எண்ணுக்கும் நடுவில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயாளியே சாட்சி

அரசுக்கு வெளியே இருந்தும் கண்காணிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் பெங்களூர். 1994இல் சாமுவேல் பால் தொடங்கிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், பொதுச் சேவைகளுக்கு மக்களையே மதிப்பெண் போட வைத்தது. மாநகராட்சிப் பிரசவ விடுதிகளைப் பற்றியும் அவர்கள் தாய்மார்களிடம் கேட்டார்கள். ஏழைப் பெண்கள் பெரும்பாலோர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். பிறந்த குழந்தையைக் கண்ணில் காட்டவே காசு, ஆண் குழந்தைக்கு அதிக ரேட் என்ற அவலம் பின்னாளில் வெளிநாட்டுப் பத்திரிகை வரை போனது. ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது செய்தியே இல்லை. காலங்காலமாகத் தெரிந்த விஷயம்.

அந்த ஆய்வுகளால் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் எந்தச் சேவை இலவசம், எதற்கு எவ்வளவு என்று விடுதிச் சுவரில் பலகை வைக்க ஒப்புக்கொண்டார்கள். குடிமக்கள் உள்ளே வந்து பார்க்கும் பார்வையாளர் குழுக்களுக்கும் வழி பிறந்தது. தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தில் அந்த லஞ்சத்தைத் தேடியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது.

மொழியின் எடை இங்கேதான் தெரிகிறது. தகவல் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், சம்மதப் படிவத்தை நோயாளிக்குப் புரிய வைக்க வேண்டும் என்று தர நெறிமுறையே சொல்கிறது. இரண்டு மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் நம் தமிழ்ப் பெண்கள் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். பலருக்குப் படிக்க வராது. திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்குப் பேசவும் தயக்கம். மதிப்பீட்டாளர் நோயாளியைக் கேட்கும்போது, பதில் சொல்லத் தெரிந்தவரையே தேர்ந்தெடுப்பது இயல்பு. அப்படிச் செய்தால் மிக மோசமாக நடத்தப்பட்டவரின் குரல் மதிப்பெண்ணுக்குள் வரவே வராது. நோயாளிப் பேட்டிக்குத் தமிழ், உருது, தெலுங்கு தெரிந்தவரை அழைத்து வருவது செலவு குறைந்த, பலன் பெரிய சீர்திருத்தம்.

எங்கே அறுந்துபோகிறது

1. கண்டுபிடிப்பவருக்குத் திருத்தும் அதிகாரம் இல்லை. என்.க்யூ.ஏ.எஸ். மதிப்பீட்டாளர் நர்ஸ் பற்றாக்குறையை எழுதலாம். பணியிடம் நிரப்புவது நிதித் துறை.

2. முடிவுகள் மக்கள் கண்ணில் படுவதில்லை. சான்று கிடைத்தது என்ற செய்தி வருகிறது. எந்தப் பிரிவில் எவ்வளவு மதிப்பெண், எங்கே 0 விழுந்தது என்பது வாசலில் ஒட்டப்படுவதில்லை.

3. அமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிந்தது மகப்பேறு வார்டுத் தலைவருக்குத் தெரியாமல் போவதன் விலையைப் பெல்லாரியில் பார்த்தோம்.

4. இலக்கு நோக்கமாகிவிடுகிறது. இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் மருத்துவமனை காகிதத்தில் இலக்குகளை எட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தார்கள். கண்காணிப்பு அமைப்புகள் பல இருந்தும் முதலில் சத்தம் போட்டவர்கள் நோயாளிகளின் குடும்பத்தார். 2013இல் வந்த விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளைக் கொடுத்தது. பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே இப்படி நடக்கும் என்றால், குடும்பத்தாரின் பேச்சைக் கேட்கும் ஏற்பாடு நமக்கு எவ்வளவு அவசியம்!

எந்தக் குறைக்கு எந்தக் கதவு

1. லஞ்சம் கேட்டால் லோக்ஆயுக்தா. மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்றால் மாநிலத்தின் 104 உதவி எண், பிறகு மருத்துவமனையின் ஆரோக்ய ரக்ஷா சமிதி, அதாவது நோயாளி நலக் குழு. சுகாதாரத் துறையின் மருத்துவமனைகளில் இந்தச் சமிதி உண்டு.

2. திட்ட அட்டை இருந்தும் மருத்துவமனை பணம் கேட்டால் 14555 எண்ணிலும் சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்டிலும் புகார் செய்யலாம். ஆரோக்ய கர்நாடகாவுக்குக் கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும் என்பதை சொந்த ஊர் அட்டையோடு வந்திருப்பவர்கள் கவனிக்கவும். ஆயுஷ்மான் பாரத் தகுதி உள்ளவர்கள் மாநிலம் தாண்டியும் அதைப் பயன்படுத்தலாம்.

3. நுகர்வோர் நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்ததில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, எல்லோருக்கும் எல்லாமே இலவசமாகத் தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகத் தரும் மருத்துவமனை வரும். இலவச நோயாளியும் அங்கே வழக்குப் போடலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் வரும் என்று 2007இல் அதே நீதிமன்றம் சொன்னது.

4. அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது வாழ்வுரிமை மீறல் என்பது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இதற்கு மனித உரிமை ஆணையமும் உயர் நீதிமன்றமும் உண்டு.

5. எந்தப் புகாருக்கும் ஓ.பி. சீட்டு, வெளியே வாங்கச் சொன்ன சீட்டு, மருந்துக்கடை பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை வேண்டும். கொடுக்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

6. தகவல் உரிமைச் சட்டத்தில் மருத்துவமனையின் தர மதிப்பெண்ணைப் பிரிவுவாரியாகவும், ஆரோக்ய ரக்ஷா சமிதிக் கூட்டக் குறிப்புகளையும், இறப்புத் தணிக்கையின் மேல் எடுத்த நடவடிக்கையையும் கேட்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரில் விண்ணப்பம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று அந்தச் சட்டத்தின் ஆறாவது பிரிவிலேயே இருக்கிறது.